மணவுரிமையிற் சமன்மை

தமிழர் மணமுறையை ஆராய்வோர் முதலில் நாடும் நூல் தொல்காப்பியம். மக்களிடையே பொய்யும் குற்றமும் தோன்றிய பின்னரே மணச்சடங்காகிய கரணம் வகுக்கப்பட்டது என்பது கற்பியல் கூறும் செய்தி. மணவிதிகள் காலத்தின் தேவை நோக்கி மாந்தர் வகுத்தவை என்பது இதனாற் பெறப்படும். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணந்துகொள்ள உரிமை வேண்டும் என இன்று உலகில் எழும் குரலை இப்பின்னணியிற் காண்டல் தகும்.

கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் முதலிய இடங்களில் வாழும் தமிழரின் மணமுறையே ஒரு பெரும் மாற்றத்தைக் கண்டதாகும். முன்னர் இந்து ஆடவன் வழக்காற்றின்படி ஒருத்திக்கு மேற்பட்டோரை மணக்கலாம். பதிவின்றி மணந்த பெண், தான் மனைவி என்பதை மெய்ப்பிக்க இடர்ப்பட்டாள். 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச்சு 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முசுலிம் அல்லாதார்க்கு ஒருவனுக்கு ஒருத்தி என்னும் நெறியையும், மணப்பதிவையும் அது கட்டாயமாக்கிற்று. கோயிலில் தாலி கட்டினும் பதிவு வேண்டும். மரபு அழியாமலே பெண்ணுக்குக் காவல் கிடைத்தது.

அதே சட்டத்தின் 69ஆம் பிரிவு, மணப்போர் ஒருவர் ஆணும் மற்றவர் பெண்ணும் அல்லராயின் அம்மணம் செல்லாது என்கின்றது. இதன் விளைவு யாது? உயில் எழுதாது இறந்தவர்க்கு மக்களும் பெற்றோரும் இலராயின், 1958ஆம் ஆண்டின் சொத்துப் பகிர்வுச் சட்டப்படி உடைமை முழுதும் கணவனுக்கோ மனைவிக்கோ சேரும். 30 ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்த இரு பெண்டிருள் ஒருத்தி அவ்வாறு இறப்பின், மற்றவளுக்கு அச்சட்டத்தில் எப்பங்கும் இல்லை.

இக்குறையை வெளிப்பட எடுத்துரைத்தலும் எளிதன்று. 2008இல் தொடங்கிய 'செக்சுவாலிட்டி மெர்டேக்கா' விழாவைக் காவல்துறை 2011இல் தடுத்தது. 2019 மார்ச்சு 9இல் கோலாலம்பூரில் மகளிர்நாள் பேரணி நடைபெற்றது. சிறார் மணத்தடை, 1,800 ரிங்கிட் குறைந்த அளவு ஊதியம் முதலியன அதன் கோரிக்கைகள். ஒருபாலார் மணம் அவற்றுள் இல்லை. ஆயினும் தோழருடன் வந்தோருட் சிலர் வானவிற்கொடி ஏந்தினர். கண்டனம் யாவும் அக்கொடியைச் சுற்றியே எழுந்தன. காவல்துறை விசாரணையும் தொடர்ந்தது. சிறுமியர் மணம் பற்றிய பேச்சு அவ்வாரவாரத்தில் அமிழ்ந்தது.

அண்டை நாடுகளுள் தாய்லாந்து 2025 சனவரி 23 முதல் ஒருபாலார் மணத்தை ஏற்றுள்ளது. இந்திய உச்சநீதிமன்றமோ 2023 அக்டோபர் 17இல் அவ்வுரிமையை வழங்க மறுத்து, நாடாளுமன்றத்தின் முடிவுக்கே விட்டது. மணம் சமயத்தின்பாற்பட்டது, அதன் இலக்கணத்தை மாற்றலாகாது என்போர் எங்கும் உளர்.

இலக்கணம் மாறியதற்குத் தமிழகமே சான்று. சடங்கின்றி நிகழ்ந்த சுயமரியாதைத் திருமணங்களை 1967ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் செல்லுபடியாக்கிற்று. 2018இல் தூத்துக்குடிக் கோயிலொன்றில் ஓர் ஆடவரை மணந்த திருநங்கையின் மணத்தைப் பதிய அலுவலர் மறுத்தனர். வழக்கு 'மணமகள்' என்னும் சொல்லின் பொருளைப் பற்றியதாயிற்று. அச்சொல் திருநங்கையையும் குறிக்கும் என 2019 ஏப்பிரல் 22இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை தீர்ப்பளித்தது. மலேசியச் சட்டமோ ஆண், பெண் என வெளிப்படையாகவே வரையறுத்துள்ளது. ஆதலின் இங்குச் சொல்லுக்குப் பொருள் விரித்தல் போதாது. நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்துதல் வேண்டும்.