பிணவறையிலிருந்து வந்த மருந்து

மூளைக்கு அடியில், மூக்குக்கு நேர் பின்னே, எலும்பில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. அதில் பட்டாணி அளவில் உட்கார்ந்திருப்பது பிட்யூட்டரி சுரப்பி. எடை அரை கிராம்தான். பிள்ளைகளை உயரவைக்கும் வளர்ச்சி ஹார்மோன் இங்கேதான் சுரக்கிறது. அது கல்லீரலைத் தூண்டி ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு பொருளை வெளிவிடச் செய்கிறது. இரண்டும் சேர்ந்துதான் எலும்பு நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டுகளை வேலை வாங்குகின்றன.

இந்த ஹார்மோன் நாள் முழுக்க ஒரே சீராகச் சுரப்பதில்லை. விட்டுவிட்டுச் சுரக்கும், அதிகம் சுரப்பது இரவில், ஆழ்ந்து தூங்கும்போது. பகலில் ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்தால் நன்றாக வளரும் பிள்ளைக்கும் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றே வரலாம். அதனால் குறைபாட்டைக் கண்டுபிடிக்க, வெறும் வயிற்றில் வரச்சொல்லி, குளோனிடின் மாத்திரை கொடுத்துச் சுரப்பியைத் தூண்டிவிடுகிறார்கள். கையில் வென்ஃப்ளான் ஊசியை மாட்டி, அரை மணிக்கொரு தரம் ரத்தம் எடுப்பார்கள். மாத்திரையின் மயக்கத்தில் பிள்ளை தூங்கிவழியும். பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்குத்தான் பொழுது போகாது.

குறைபாடு உறுதியானால் ஹார்மோனை வெளியிலிருந்து கொடுக்கவேண்டும். இன்சுலினை மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்துச் சமாளித்தார்கள். அந்த வழி இங்கே பலிக்கவில்லை. மாட்டின் வளர்ச்சி ஹார்மோன் எலியை வளர்த்தது, மனிதரிடம் எடுபடவில்லை. மனிதருக்கு மனிதருடையதே வேண்டியிருந்தது. இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து பிரித்தெடுத்த ஹார்மோனைப் போட்டதில் 17 வயதுப் பையன் ஒருவன் வளர்ந்தான் என்று 1958இல் பாஸ்டனில் மாரிஸ் ரேபன் அறிவித்தார்.

அதன்பின் பிணவறைகளிலிருந்து சுரப்பிகளைத் திரட்டுவது பெரிய வேலையாயிற்று. அமெரிக்காவில் இதற்கென்றே 1963இல் தேசிய பிட்யூட்டரி முகமை அமைந்தது. பிரிட்டனிலும் பிரான்சிலும் இதேபோன்ற ஏற்பாடுகள் நடந்தன. பிரேதப் பரிசோதனையின்போது சுரப்பியைப் பிடுங்கி அசிட்டோனில் போட்டோ உறையவைத்தோ அனுப்புவார்கள். ஒரு சுரப்பியில் கிடைப்பது ஒரு பிள்ளைக்குச் சில நாளுக்கே காணும். ஆகவே ஆயிரக்கணக்கான சுரப்பிகளை ஒன்றாகக் கலந்து அரைத்தார்கள். வினை அங்கேதான் இருந்தது. அத்தனையில் ஒன்று கெட்டதாக இருந்தால்கூட மொத்தமும் கெட்டுவிடும்.

சிறுவயதில் இந்த ஊசி போட்டுக்கொண்ட அமெரிக்க இளைஞர் ஒருவர் 1984இல் இறந்தார். தடுமாற்றமாகத் தொடங்கி மூளையையே அழித்த அந்த நோய், பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும் கிராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய். இருபது வயதுக்காரருக்கு அது ஏன் வரவேண்டும்? அதே ஊசி போட்டுக்கொண்டவர்களில் வேறு சிலரும் அடுத்தடுத்து அதே நோயால் இறந்தது தெரியவந்ததும் 1985 ஏப்ரலில் அமெரிக்காவில் விநியோகத்தை நிறுத்தினார்கள். காரணம் பிரியான்: தவறாக மடிந்து, பக்கத்திலுள்ள நல்ல புரதத்தையும் அப்படியே மடியவைக்கும் புரதம். கொதிக்கவைத்தாலும் ஃபார்மலினில் ஊறப்போட்டாலும் எளிதில் அழியாது. உடலில் முப்பது ஆண்டுகூடப் பதுங்கியிருக்கும். பிரான்சில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

இதில் ஒரு தற்செயலும் உண்டு. அமெரிக்கத் திட்டத்தில் 1977இல் ஹார்மோனைச் சுத்திகரிக்கும் முறையை மாற்றினார்கள். மருந்து தூய்மையாக இருக்கட்டும் என்பதுதான் நோக்கம். பிரியான் யார் நினைப்பிலும் இல்லை. அதற்குப் பிறகு அங்கே ஊசி போடத் தொடங்கியவர்களுக்கு இந்த நோய் வந்ததாகத் தெரியவில்லை. கெட்டிக்காரத்தனத்தைவிட அதிர்ஷ்டம் அதிகம் என்றுதான் எனக்குப் படுகிறது.

நல்லவேளையாக மாற்றும் தயாராக இருந்தது. ஜெனென்டெக் நிறுவனம் 1979இலேயே மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தி, 191 அமினோ அமிலங்கள் கொண்ட அந்த ஹார்மோனைச் செய்துகாட்டியிருந்தது. 1985 அக்டோபரில் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. தட்டுப்பாடு போனதும் யாருக்குக் கொடுப்பது என்ற வரம்பும் தளர்ந்தது: ஹார்மோன் குறையே இல்லாமல் மிகவும் குட்டையாக இருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம் என்று 2003இல் அங்கே அனுமதித்தார்கள். அது நோய்க்கு மருந்தா, உயரத்தின்மேல் உள்ள ஆசைக்கு மருந்தா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

பழைய மருந்தின் கணக்கும் தீரவில்லை. லண்டனில் பிரியான் ஆய்வாளர் ஜான் காலிஞ்சின் குழு, பத்திரமாக வைக்கப்பட்டிருந்த பழைய குப்பிகளைச் சோதித்தது. அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதம் அவற்றில் இருந்தது. சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் மூளையிலும் அது படிந்தது. சிறுவயதில் அந்த ஊசி போட்டுக்கொண்ட எட்டுப் பேரைப் பரிசோதித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து பேருக்கு இளவயதிலேயே அல்சைமரை ஒத்த அறிகுறிகள் தென்பட்டதாகச் சொன்னார்கள். இதனால் அல்சைமர் தொட்டால் ஒட்டும் நோய் ஆகிவிடாது. இன்று பேனா ஊசியில் வரும் ஹார்மோனில் இறந்தவர் உடலிலிருந்து எடுத்தது எதுவும் கிடையாது.