போட் கீ: சரக்குத் துறை உணவுத் தெருவான கதை

எதிரே வரிசையாகத் தெரியும் ஓட்டுக்கூரைக் கடைவீடுகள் ஒரு காலத்தில் அரிசி மூட்டையும் ரப்பரும் அடுக்கிய கிடங்குகள். நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சரக்கை இங்கே சேர்த்தவை தோணிகள். தொடக்கத்தில் அவற்றை ஓட்டியவர்களில் பலர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். பின்னர் அத்தொழில் சீனர் கைக்கு மாறியது. கடந்து செல்லும் சுற்றுலாப் படகின் முகப்பைப் பாருங்கள். இரண்டு கண்கள் தீட்டியிருக்கும். வழி பார்த்துப் போகப் படகுக்கும் கண் வேண்டும் என்பது சீனப் படகோட்டிகளின் நம்பிக்கை.

1970களில் சிங்கப்பூர் ஆறு கறுத்து நாறியது. பண்ணைக் கழிவு, தெருக்கடை எச்சில், படகு எண்ணெய் எல்லாம் இதில்தான் கலந்தன. 1977இல் பிரதமர் லீ குவான் யூ ஆற்றைத் துப்புரவாக்கப் பத்தாண்டுக் கெடு வைத்தார். குடிசைவாசிகள் அடுக்குமாடி வீடுகளுக்கும், தெருக்கடைக்காரர்கள் உணவங்காடிகளுக்கும் மாற்றப்பட்டனர். 1983இல் சுமார் 800 சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. ஆற்றையே நம்பிப் பிழைத்தவர்களுக்கு அது எளிதான இடமாற்றம் அல்ல. 1987இல் துப்புரவுப் பணி முடிந்தது.

1989இல் போட் கீ பாதுகாக்கப்பட்ட வட்டாரமானது. கிடங்குகளில் உணவகங்களும் மதுக்கூடங்களும் வந்தன. கட்டடம் பிழைத்தது, தொழில் பிழைக்கவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆறு கடலைச் சேரும் இடத்தில் 2008இல் மரினா அணை திறக்கப்பட்டது. நீங்கள் பார்க்கும் இந்த நீர் இப்போது ஊரின் குடிநீர்த் தேக்கத்தைச் சேர்ந்தது. குப்பை எதையும் இதில் போடாதீர்கள்.