மாதாவுக்கு நீலம், பெருமாளுக்குப் பச்சை

கோட்டுகாலிலிருந்து பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் தாண்டித் தக்கலைக்குப் போனால் பத்மநாபபுரம் அரண்மனை. அங்கே உப்பரிகை மாளிகையின் மேல்தளம், 1750-இல் மன்னர் மார்த்தாண்டவர்மா நாட்டையே ஒப்படைத்த பத்மநாபசுவாமிக்கு உரியது. நாலு சுவரிலும் சித்திரம். அது நிற்கிற சூட்சுமம் அடுக்களைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும்.

இட்லிப் பொடியைச் சும்மா தூவினால் உதிரும். எண்ணெயில் குழைத்தால் ஒட்டும். வண்ணப்பொடிக்கும் அதே கணக்குதான். கேரளச் சுவரோவியத்தில் எண்ணெயின் வேலையை வேப்பம்பிசினும் இளநீரும் செய்தன. இத்தாலியில் 1400 வாக்கில் ஓவியக் கைநூல் எழுதிய சென்னினோ சென்னினி முட்டையின் மஞ்சள் கருவைச் சொல்கிறார். இளம் முகத்துக்கு நகரத்துக் கோழியின் வெளிறிய கரு, கிழவர் முகத்துக்குக் கிராமத்துக் கோழியின் சிவந்த கரு! பத்மநாபபுரத்திலும் முட்டை உண்டு. வெள்ளைக்கரு, சிரட்டைக்கரியோடு தரைக்குப் போனது என்பார்கள்.

சுவரைப் பழக்குவதுதான் பெரிய வேலை. சுண்ணாம்பும் மணலும் ஒரு பூச்சு, பஞ்சு சேர்த்து இன்னொன்று, அதன்மேல் சுண்ணாம்பை இளநீரில் கரைத்து இருபத்தைந்து முப்பது தடவை. வெள்ளை வேண்டிய இடத்தைத் தீட்டாமல் விட்டுவிடுவார்கள். காவிக்கல்லில் மஞ்சளும் சிவப்பும் கிடைக்கும். அவுரி நீலத்தோடு இரவிக்கறை என்ற மஞ்சள் பிசின் சேர்ந்தால் பச்சை. முதலில் மஞ்சள், விளக்குப்புகைக் கரியில் கறுப்புக் கோடு கடைசியில், தாளிப்பு மாதிரி.

யாருக்கு எந்த நிறம்? கதகளி பார்த்தவர்களுக்குத் தெரியும். பச்சை சாத்வீகம், சிவப்பும் பொன்மஞ்சளும் ராஜசம், கறுப்பும் வெள்ளையும் தாமசம். பாட்டில் கார்வண்ணனான விஷ்ணு, சுவரில் பச்சையாகிவிடுகிறார்.

இத்தாலியில் நிறத்துக்குப் பின்னால் விலையும் நின்றது. மரியன்னையின் அங்கிக்கு நீலம் தரும் கல் ஆப்கானிஸ்தானின் பதக்ஷானிலிருந்து வர வேண்டும். விருந்தாளிக்கென்று குங்குமப்பூவை ஒதுக்கி வைப்போமே, அப்படி மாதாவுக்கு. கல்லை இடித்து, மெழுகிலும் பிசினிலும் உருட்டி, காரநீரில் பிசைந்து நீலத்தை இறக்குவார்கள். தேங்காய்ப்பால் கதைதான்: முதல் பால் அடர் நீலம், கடைசிப் பால் சாம்பல்.

இத்தாலியர்கள் ஈரச்சுவரில் தீட்டுவார்கள். காய்கிற சுண்ணாம்பே நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நீலத்தைக் காய்ந்தபின் பசையோடு பூச வேண்டியிருந்தது. பாதுவாவில் 1305 வாக்கில் ஓவியர் ஜொத்தோ தீட்டிய மாதாவின் அங்கியில் நீலம் பல இடங்களில் உதிர்ந்து, இன்று சாம்பல் சுவர் தெரிகிறது.