நல்ல ஆசிரியரை எதை வைத்து அளப்பது? பெற்றோருக்கு ஒரு விளக்கம்

செப்டம்பர் 5 வந்தால் நம்ம எல்லோருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஆசிரியர் தின வாழ்த்துதான். அதே போனில் மே மாதம் பொதுத்தேர்வு முடிவு வந்ததும் "எந்தப் பள்ளி நூற்றுக்கு நூறு தேர்ச்சி?" என்று தேடுகிறோம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பெற்றோர் குழுவில் "அந்த டீச்சர் சரியில்லையாமே" என்று ஒரு செய்தி வந்து விழும்.

இந்த மூன்றிலும் நாம் செய்வது ஒன்றுதான். ஓர் ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்று மதிப்பிடுகிறோம். ஆனால் எதை வைத்து மதிப்பிடுகிறோம்? நல்லா வேலை செய்கிற ஆசிரியருக்கு அதற்குரிய பலன் கிடைக்கிறதா? இதில் பெற்றோராகிய உங்களுக்கு என்ன பங்கு இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆசிரியரின் கடமை: சட்டம் என்ன சொல்கிறது?

குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 (நடைமுறைக்கு வந்தது 1 ஏப்ரல் 2010) தன் 24-வது பிரிவில் ஆசிரியரின் கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. சுருக்கமாக:

• பள்ளிக்கு ஒழுங்காகவும் நேரத்துக்கும் வர வேண்டும்.
• பாடத்திட்டத்தைக் குறித்த காலத்துக்குள் முடிக்க வேண்டும்.
• ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் அறிந்து, தேவைப்படும் குழந்தைக்குக் கூடுதலாகச் சொல்லித் தர வேண்டும்.
• பெற்றோரை முறையாகச் சந்தித்து, குழந்தையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றித் தெரிவிக்க வேண்டும்.

இதே சட்டத்தின் 28-வது பிரிவு, ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. 27-வது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி தவிர வேறு கல்விசாரா வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. ஆசிரியருக்குக் குறை இருந்தால் அதுவும் தீர்க்கப்பட வேண்டும் என்பதும் 24-வது பிரிவிலேயே உள்ளது.

கவனிங்க, இந்தப் பட்டியலில் "தேர்ச்சி சதவீதம்" என்ற சொல்லே இல்லை. "ஒவ்வொரு குழந்தை" என்பதுதான் இருக்கிறது.

தேர்ச்சி சதவீதம் மட்டும் போதுமா?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு ஆசிரியர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆசிரியரின் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் ஆண்டுத் தொடக்கத்திலேயே சராசரியாக 75 மதிப்பெண் வாங்கக்கூடியவர்கள். ஆண்டு முடிவில் 78 வாங்கினார்கள். இரண்டாவது ஆசிரியரின் வகுப்பில் பாதிப் பேர் தமிழே தடுமாறிப் படிப்பவர்கள். தொடக்கத்தில் சராசரி 30. ஆண்டு முடிவில் 52.

முடிவை மட்டும் பார்த்தால் முதல் ஆசிரியர்தான் சிறந்தவர். வளர்ச்சியைப் பார்த்தால் முதலாமவர் வகுப்பு 3 மதிப்பெண் ஏறியிருக்கிறது. இரண்டாமவர் வகுப்பு 22 ஏறியிருக்கிறது. யாருக்குப் பாராட்டு கிடைக்க வேண்டும்?

அதனால்தான் ஆசிரியரின் திறனை ஆராய்பவர்கள் "பிள்ளை எங்கே இருக்கிறான்" என்பதைவிட "எங்கிருந்து எங்கே வந்திருக்கிறான்" என்பதைப் பார்க்கச் சொல்கிறார்கள். வீட்டில் படித்தவர்கள் இருப்பது, டியூஷன் போக வசதி இருப்பது, தினமும் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கு வருவது எல்லாம் மதிப்பெண்ணில் கலந்திருக்கின்றன. அவற்றைக் கழிக்காமல் ஆசிரியருக்கு மார்க் போட்டால், வசதியான பகுதிப் பள்ளியின் ஆசிரியரே எப்போதும் ஜெயிப்பார்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தேர்ச்சி சதவீதம் மட்டுமே கௌரவம் என்று ஆகிவிட்டால், தேறாத பிள்ளை பள்ளிக்குச் சுமையாகத் தெரிவான். "வேற ஸ்கூல் பாத்துக்கோங்க, டி.சி. தர்றோம்" என்று 9-ஆம் வகுப்பிலேயே சொல்லிவிட்டால் சதவீதம் ஏறிவிடும். அந்தப் பிள்ளை என்ன ஆனான் என்பது எந்தக் கணக்கிலும் வராது.

நம்ம ஊரிலேயே கிடைத்த பழைய பாடம்

ஆசிரியருக்கு ரிசல்ட்டைப் பார்த்துப் பணம் கொடுப்பது புது யோசனை அல்ல. இங்கிலாந்தில் 1862-இல் இந்த முறை வந்தது. இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் தேர்வு வைப்பார். தேறும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மானியம். 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலும் உதவிபெறும் பள்ளிகளுக்கு இதே மாதிரி மானிய முறை இருந்தது.

விளைவு என்ன? இன்ஸ்பெக்டர் கேட்கிற கேள்விக்கு மட்டும் பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைப்பது பெருகியது. தேர்வில் இல்லாத எதையும் சொல்லித்தர ஆசிரியருக்கு நேரமோ காரணமோ இல்லாமல் போனது. இங்கிலாந்தில் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இது கைவிடப்பட்டது. இந்தியாவிலும் 1904-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைத் தீர்மானத்தில் கர்சன் அரசு இந்த முறையைக் கைவிடச் சொன்னது.

இதைவிடக் கசப்பான பாடம் அண்மைக் காலத்தில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் நடந்தது. தேர்வு மதிப்பெண்ணை வைத்தே பள்ளிகளுக்கு நெருக்கடியும் வெகுமதியும் வந்ததால், பல பள்ளிகளில் ஆசிரியர்களே மாணவர்களின் விடைத்தாளைத் திருத்தி எழுதினார்கள். 2011-இல் வெளியான மாநில அரசின் விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் 178 பேர் இதில் தொடர்புடையவர்கள் என்றது. ஏமாந்தவர்கள் யார்? தங்களுக்குப் படிக்க வரவில்லை என்பது வெளியே தெரியாமலே, உதவி கிடைக்காமலே அடுத்த வகுப்புக்குப் போன பிள்ளைகள்தான்.

அப்படின்னா ஊக்கத்தொகையே வேண்டாமா?

அப்படியும் இல்லை. எதற்குத் தருகிறோம், எப்படித் தருகிறோம் என்பதைப் பொறுத்தது.

ஆந்திரப் பிரதேசம்: 2005-இல் தொடங்கி, கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் அங்கே கிராமப்புற அரசுப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். தேர்ச்சிக்கு அல்ல, மாணவர்களின் சராசரி மதிப்பெண் எவ்வளவு உயர்ந்தது என்பதற்கு ஊக்கத்தொகை. 5 சதவீதப் புள்ளிக்கு மேல் உயரும் ஒவ்வொரு புள்ளிக்கும் 500 ரூபாய். சராசரியாக ஆசிரியரின் ஆண்டுச் சம்பளத்தில் 3 சதவீதம் அளவுதான். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், ஊக்கத்தொகை இருந்த பள்ளிப் பிள்ளைகள் மொழியிலும் கணக்கிலும் மற்றப் பள்ளிப் பிள்ளைகளைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். ஊக்கத்தொகைக் கணக்கில் சேராத அறிவியல், சமூக அறிவியல் பாடங்களிலும் மேம்பாடு தெரிந்தது. இதில் ஒரு சுவாரசியம்: ஆசிரியர்களின் வருகை கூடவில்லை. வந்த நாட்களில் கூடுதல் வகுப்பு எடுப்பது, வீட்டுப்பாடம் கொடுப்பது ஆகியவைதான் கூடின.

ராஜஸ்தான்: உதய்பூர் பகுதியில் சேவா மந்திர் தொண்டு நிறுவனம் நடத்திய ஓராசிரியர் பள்ளிகளில் வேறு முறை. ஆசிரியருக்கு ஒரு கேமரா. காலையிலும் பள்ளி முடியும்போதும் பிள்ளைகளோடு நிற்கும் ஆசிரியரை ஒரு மாணவர் படம் எடுக்க வேண்டும். தேதியும் நேரமும் படத்தில் பதிவாகும். வந்த நாளுக்கு ஏற்ப சம்பளம். ஆசிரியர் வராத நாட்கள் 42 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகக் குறைந்தன. பிள்ளைகளின் மதிப்பெண்ணும் உயர்ந்தது.

கென்யா: இங்கே மாவட்டத் தேர்வு முடிவுக்குப் பரிசு. தேர்வுக்கான சிறப்பு வகுப்புகள் கூடின. அந்தத் தேர்வில் மதிப்பெண் ஏறியது. ஆசிரியர் வருகை கூடவில்லை, பரிசுத் திட்டம் முடிந்த பிறகு முன்னேற்றமும் நிலைக்கவில்லை.

நியூயார்க்: 2007 முதல் சில ஆண்டுகள் பள்ளிகளுக்குப் பெருந்தொகை போனஸ் தரப்பட்டது. மாணவர் கற்றலில் பலன் தெரியவில்லை.

நாலையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். வெகுமதியின் அளவைவிட அதன் இலக்கு முக்கியம். ஆசிரியரின் கையில் இருக்கிற ஒன்றுக்கு, அதாவது வருகைக்கோ பிள்ளையின் வளர்ச்சிக்கோ, தெளிவான விதிப்படி தந்தால் வேலை செய்கிறது. ஒரே ஒரு தேர்வின் முடிவுக்குத் தந்தால், அந்தத் தேர்வு மட்டும் நடக்கும்.

தமிழ்நாட்டில் என்னென்ன அங்கீகாரம் உண்டு?

அரசு ஆசிரியரின் சம்பளத்தில் ஆண்டுக்கு 3 சதவீத ஊதிய உயர்வு எல்லோருக்கும் பொது. பதவி உயர்வு பெரும்பாலும் பணிமூப்புப்படி. எனவே சிறப்பாகப் பணி செய்பவரைத் தனியே அடையாளம் காட்டுவது விருதுகள்தான்.

• டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது (மாநில நல்லாசிரியர் விருது): ஒவ்வோர் ஆண்டும் ஆசிரியர் தினத்தையொட்டி முன்னூறுக்கும் மேற்பட்டோருக்கு வழங்கப்படுகிறது. 10,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம், சான்றிதழ். ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் உள்ளவர்கள், டியூஷன் நடத்துபவர்கள் தகுதி பெற மாட்டார்கள்.
• தேசிய நல்லாசிரியர் விருது: 50,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம், சான்றிதழ். 2018 முதல் ஆசிரியர் தாமே இணையத்தில் விண்ணப்பிக்கலாம்.
• அறிஞர் அண்ணா தலைமைத்துவ விருது: சிறந்த தலைமை ஆசிரியர்களுக்கு. இதில் பள்ளி வளர்ச்சிக்காக 10 லட்சம் ரூபாய் தரப்படுகிறது. பலன் ஒருவர் வீட்டுக்குப் போகாமல் பள்ளிக்கே போகிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஆசிரியரை மதிப்பிடுவது அதிகாரிகள் வேலை, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். தினமும் அந்த வகுப்பறையிலிருந்து வீட்டுக்கு வருகிற பிள்ளையைப் பார்ப்பது நீங்கள்தான்.

1. வீட்டில் 5 நிமிடம். "இன்னைக்கு என்ன மார்க்?" என்பதற்குப் பதிலாக, "இன்னைக்குப் புதுசா என்ன கத்துக்கிட்ட? எனக்குச் சொல்லிக் குடு" என்று கேளுங்க. பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்க. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் போனில் ஒலிப்பதிவு செய்து வையுங்க. முந்தைய பதிவோடு ஒப்பிட்டால் வளர்ச்சி உங்களுக்கே கேட்கும்.

2. நிலையைக் கேளுங்கள். 2022-இல் தொடங்கிய "எண்ணும் எழுத்தும்" திட்டத்தில் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளைக் கற்றல் நிலையைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறார்கள். "என் பிள்ளை ஜூனில் எந்த நிலை? இப்போ எந்த நிலை?" இந்த ஒரு கேள்வி போதும். நல்ல ஆசிரியர் இந்தக் கேள்வியை விரும்புவார்.

3. பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் போங்கள். சட்டப்படி இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டு 24 உறுப்பினர்கள் ஆனார்கள். குழுவின் தீர்மானங்கள் டிஎன்எஸ்இடி பேரன்ட்ஸ் செயலியில் பதிவாகின்றன. ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் அதையும் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ஆளே இல்லாத வகுப்புக்கு யாரை மதிப்பிடுவது?

4. பாராட்டை எழுதிக் கொடுங்கள். புகார் எழுதத் தெரிந்த நாம் பாராட்டை வாயோடு விட்டுவிடுகிறோம். "3-ஆம் வகுப்பு வரை வாசிக்கத் தெரியாத என் மகள் இந்த ஆண்டு கதைப் புத்தகம் படிக்கிறாள்" என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். குழுக் கூட்டத்திலும் சொல்லிக் குறிப்பில் ஏற்றுங்கள்.

5. குறை இருந்தால் முறைப்படி போங்கள். முதலில் ஆசிரியர், அடுத்து தலைமை ஆசிரியர், பிறகு மேலாண்மைக் குழு. அதற்கும் மேல் கல்வி உதவி எண் 14417. முதல்வரின் முகவரித் துறையின் 1100 எண்ணிலும் பதிவு செய்யலாம். குழந்தையின் பாதுகாப்பு தொடர்பான விஷயம் என்றால் இந்த வரிசைக்குக் காத்திருக்காமல் உடனே 1098-ஐ அழையுங்கள்.

இதெல்லாம் வேண்டாமே

• வகுப்பறையில் ஆசிரியரை வீடியோ எடுத்துக் குழுவில் போடாதீர்கள். அதில் மற்றவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.
• ஒரு தேர்வு மதிப்பெண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள்.
• "கண்டிப்பா அடிக்கிற வாத்தியார்தான் நல்ல வாத்தியார்" என்ற பழைய கணக்கை விட்டுவிடுங்கள். உடல் தண்டனையும் மன ரீதியான துன்புறுத்தலும் இதே சட்டத்தின் 17-வது பிரிவின்படி தடை.

சில கேள்விகள்

தனியார் பள்ளி ஆசிரியரிடமும் முன்னேற்றம் பற்றிக் கேட்கலாமா?
தாராளமாக. 24-வது பிரிவு சொல்லும் கடமைகள் 8-ஆம் வகுப்பு வரை அவர்களுக்கும் உண்டு.

ஆசிரியர் தேர்தல் பணிக்குப் போனதால் பாடம் பாக்கி. யாரைக் கேட்பது?
தேர்தல் பணி சட்டம் அனுமதித்த விலக்கு. விடுபட்ட பாடத்தை எப்போது ஈடுகட்டுவார்கள் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்கலாம்.

என் பிள்ளை மெதுவாகக் கற்பவன் என்று சொல்லி வேறு பள்ளி பார்க்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
8-ஆம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு வெளியேற்றக் கூடாது என்பது சட்டத்தின் 16-வது பிரிவு. நீங்களாக டி.சி. கேட்டு எழுதிக் கொடுக்காதீர்கள். மேலாண்மைக் குழுவிலும் 14417 எண்ணிலும் தெரிவியுங்கள். மெதுவாகக் கற்கும் பிள்ளைக்குக் கூடுதலாகச் சொல்லித் தருவது ஆசிரியரின் கடமை என்று சட்டமே சொல்கிறது.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் என்றைக்கு என்று பள்ளியில் கேட்டு, இப்போதே போனில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள். போகும்போது பிள்ளையின் நோட்டுப் புத்தகம் ஒன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். ஜூன் மாதப் பக்கத்தையும் இந்த மாதப் பக்கத்தையும் விரித்து வைத்துப் பேசினால், நீங்களும் ஆசிரியரும் ஒரே விஷயத்தைப் பற்றித்தான் பேசுவீர்கள்.