காணாமற்போன கோப்பு

2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்தின் நிறுவல் இறுவட்டை, என்லைற் என்னும் கருவியாற் பலர் தம் தேவைக்கேற்பத் திருத்தியமைத்தனர்; வேண்டாதன நீக்கினர், புதியன சேர்த்தனர். அத்தகைய வட்டு நிறுவலின் நடுவே, கோப்பொன்றைக் காணவில்லையென்று நின்றுவிடுவதுண்டு. காரணம் யாது?

வட்டின் 'ஐ386' என்னும் உறையுள் ஓர் அட்டவணை உண்டு. நிறுவும் நிரல் அதனைப் பார்த்தே கோப்புகளைப் படியெடுக்கும். இடாப்பிற் பெயரிருக்க மாணாக்கன் வகுப்பில் இல்லாத நிலையே இப்பிழை.

முதற்கண் அக்கோப்பு வட்டில் உண்டோவெனத் தேடுக. சுருக்கிய கோப்பின் பெயரில் ஈற்றெழுத்துக்குப் பதிலாக அடிக்கோடு நிற்கும், மயங்கற்க. கோப்பு இருந்தும் படிக்கப்படாவிடின் வட்டு பழுதுற்றிருத்தல் கூடும். வேறு வட்டில் மெதுவாக எழுதுக. கோப்பே இல்லையெனின், பிறிதொரு பகுதிக்கு வேண்டியதை நீக்கியிருப்போம். அன்றித் திருத்தியதையே மீண்டுந் திருத்தியிருப்போம். அப்போது தீண்டப்படாத மூலப்படியிலிருந்து மீளத் தொடங்குவதே வழி.

இன்னுமொன்று. வன்தட்டைத் துடைக்கப் பணித்திருப்பின், அது துடைக்கப்பட்ட பின்னரே படியெடுத்தல் தொடங்கும். ஆதலின் பிழை தோன்றும்வேளை பழைய ஆக்கங்கள் அழிந்திருக்கும். மாணாக்கர் கட்டுரைகள் பலவற்றை யான் இவ்வாறு இழந்தேன். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 இல் நின்றது. அவ்விழப்புத் தந்த பாடமோ இன்றும் பொருந்தும். எதனைத் திருத்தினும், முதலிற் பிரதியொன்று எடுத்து மூலத்தைப் பேணுக.