பூம்பாறையில் கேட்ட கேள்வி

கோவை வியாபாரிகள் சிலர் பழனி வழியாகக் கொடைக்கானல் ஏறி, அங்கிருந்து சுமார் 18 கிலோமீட்டரில் உள்ள பூம்பாறை கிராமத்துக்குச் சென்று வந்தோம். படிப்படியான வயல்கள், நெருங்கிய வீடுகள், நடுவே குழந்தை வேலப்பர் கோவில். சாமி கும்பிட்டதும் எங்கள் கண் தேடியது பூண்டைத்தான்!

இங்கு மலைப்பூண்டு ஆண்டுக்கு இரு போகம். பூண்டைக் கட்டிப் புகையில் பதப்படுத்துவதால் பல மாதம் கெடுவதில்லை. 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டு புவிசார் குறியீடு பெற்றது. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் அதே ஆண்டுதான்.

தங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி வேறு பூண்டை விற்பது நியாயமா என்று ஒரு பெரியவர் கேட்டார். எங்களுக்குப் பதில் வரவில்லை. வடநாட்டு மூட்டையில் பெரிய பூண்டாகப் பொறுக்கி 'மலைப்பூண்டு' என்று தனி விலை போடுவது நம் தொழிலில் நடக்காததா?

வடநாட்டுப் பூண்டும் நல்ல சரக்கே. மேட்டுப்பாளையம் மண்டிக்கு வரும் நீலகிரிப் பூண்டும் அப்படியே. அதனதன் பெயரில் விற்போம். கொள்முதல் பில்லில் ஊர்ப்பெயர் கேட்டு வாங்குவோம். கடையில் தனித்தனியே வைப்போம். பிள்ளை பெற்றவளுக்கு என்று நம்பிக் கேட்டு வருபவரிடம் நம் முதல் வாக்குச் சுத்தம்தான்.