பறக்க வைத்து எடுத்தால் நல்ல படமா? பழவேற்காடு பூநாரைகளும் புது கேமராக்காரர்களும்

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் மீஞ்சூர், அனுப்பம்பட்டு தாண்டி பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு புதுசா கேமரா வாங்கியவர்கள் இங்கே தேடி வருவது பெரும்பாலும் ஒரே பறவையைத்தான்: பூநாரை.

திரும்பிப் போய் கம்ப்யூட்டரில் பார்த்தால் ஏமாற்றம். நூறு படம் இருக்கும், அதில் எண்பதில் பறவைக்குத் தலையே இருக்காது! காரணம் கேமரா இல்லை. பூநாரை தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, அலகால் சேற்று நீரை வடிகட்டித்தான் சாப்பிடும். இரை தேடும் நேரம் முழுக்க அந்தப் பாடுதான். அது தலை தூக்கும் நொடி வரை காத்திருக்கணும்.

இந்தக் காத்திருப்புக்குப் பொறுமை இல்லாதவர்கள் செய்வதுதான் பிரச்சினை. கை தட்டுவது, கூட்டத்தை நோக்கி நடப்பது, படகை நேராக விடச் சொல்வது. மொத்தக் கூட்டமும் எழும்பும். சிவப்பும் கறுப்புமாக இறக்கைகள் விரியும். படம் செமயா வரும், லைக்கும் வரும். ஆனால் பூநாரையால் நின்ற இடத்திலிருந்து சட்டென்று எழும்ப முடியாது. தண்ணீரில் சில அடிகள் ஓடித்தான் மேலே ஏறும். ஒவ்வொரு முறையும் அதற்கு உடம்பில் சேர்த்த சக்தி செலவாகும், மேய்ச்சல் நேரமும் போகும். ஒரே காலையில் நாலு குழு வந்தால், நாலு தடவை.

இது படத்திலேயே தெரியும். மேயும் கூட்டத்தில் கழுத்துகள் மேலும் கீழுமாகக் கலந்திருக்கும். எல்லாக் கழுத்தும் நிமிர்ந்து, எல்லாப் பறவையும் கேமராவுக்கு முதுகு காட்டி ஒரே பக்கம் நடந்தால், படம் எடுத்தவர் ரொம்பக் கிட்டே போயிருக்கிறார் என்று பொருள். ஒரு படத்தை விமர்சிக்கிறவர் ஃபோகஸ் சரியா என்று கேட்பதோடு, எப்படி எடுத்தீங்க என்றும் கேட்க வேண்டியது இதனால்தான்.

பெரிய மேடைகளே இதில் ஏமாந்திருக்கின்றன. 2009ஆம் ஆண்டின் சிறந்த காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில், மரக்கதவைத் தாண்டும் ஓநாய் படத்துக்காக ஸ்பெயினின் ஹொசே லூயிஸ் ரோட்ரிகஸ் வென்றார். அது பழக்கப்படுத்தப்பட்ட ஓநாயாக இருக்கக்கூடும் என்று முடிவு செய்த நடுவர்கள், 2010இல் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். அவர் அதை மறுத்தார். அதே போட்டியில் 2017இல் வென்ற எறும்புத்தின்னி படம், பாடம் செய்து வைத்த உடலை வைத்து எடுத்தது என்று 2018இல் நீக்கப்பட்டது. இரண்டிலும் கம்போசிஷனைக் குறை சொல்லவே முடியாது.

சரி, கம்போசிஷன் என்றால் என்ன? முதலில் உயரம். நின்றபடி எடுத்தால் பறவை கீழே ஒட்டிவைத்தது போலிருக்கும். கரையில் உட்கார்ந்தோ படுத்தோ, அதன் கண் மட்டத்துக்கு வாங்க. பறவை பார்க்கும் திசையில் கொஞ்சம் இடம் விடணும். காலையும் நீரில் விழும் நிழலையும் பாதியில் வெட்டாதீங்க. தொடுவானக் கோடு சரியாகக் கழுத்தை அறுத்துக்கொண்டு போகிறதா என்றும் பார்க்கணும், எடுக்கும்போது யாருக்கும் கண்ணில் படாத குறை இது.

வெளிச்சம்தான் இங்கே பெரிய சவால். ஏரியின் மேற்குக் கரையில், உதாரணமாக அண்ணாமலைச்சேரி பக்கம் நின்றால், காலைச் சூரியன் எதிரே கடல் பக்கமிருந்து எழும். பறவை நிழலுருவமாகத்தான் விழும். சிறகின் நிறம் வேண்டுமென்றால் சாயங்காலம் போகணும், அப்போது வெயில் முதுகுப் பக்கம். நண்பகலில் தண்ணீர் மேல் கானல் ஆடும், எவ்வளவு விலை லென்ஸாக இருந்தாலும் கூர்மை வராது. கருத்த தண்ணீரில் சின்னதாக ஒரு வெள்ளைப் பறவை நின்றால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், சிறகெல்லாம் வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்தால் சரியாகும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ, அதைவிட வேகமாகவோ இருக்கட்டும்.

இதையெல்லாம் பூநாரையிடம் பழக வேண்டியதில்லை. அனுப்பம்பட்டு, பொன்னேரி பக்கத்து வயல் வரப்பில் உண்ணிக்கொக்கும் மடையானும் கிடைக்கும், மின்கம்பியில் கரிச்சான் உட்கார்ந்திருக்கும். மாட்டின் பின்னாலேயே நடக்கும் கொக்கு மனிதரைக் கண்டு அவ்வளவாக மிரளாது. வெள்ளைச் சிறகுக்கு எக்ஸ்போஷர் பழக அதைவிட நல்ல வாத்தியார் இல்லை. மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளையில், வெவ்வேறு பாகங்களைச் சேர்த்து உருவாக்கிய கேமராவால் படமெடுத்தவர். காட்டு யானைகளின் படங்களுக்குப் பேர்போன அவர், 'ஸ்டேட்ஸ்மேன்' இதழில் 1950 முதல் இறக்கும் வரை எழுதிய பத்தியில், ஊருக்குள் திரியும் சாதாரண உயிர்களுக்கும் நிறைய இடம் கொடுத்தார்.

புதியவர்களுக்கு அடிக்கடி கிடைக்கும் இன்னொரு அறிவுரை: "பின்னாடி வலைக் கம்பு தெரியுது, கிராப் பண்ணிடுங்க." அமெரிக்க ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி, ஃபியாப் போன்ற அமைப்புகளின் இயற்கைப் பிரிவு விதியும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது: மனிதத் தடயம் கூடாது. ஆனால் அந்த விதியிலேயே ஒரு விலக்கு உண்டு. அந்தத் தடயம் இயற்கைக் கதையின் பிரிக்க முடியாத பகுதியாக இருந்தால் அனுமதி. பழவேற்காட்டில் அது பகுதிதான். மீனவக் கிராமங்கள் பாடு முறையில் முறை வைத்து வலை கட்டும் நீர் இது. இருளர்கள் கையால் தடவி இறால் பிடிக்கும் நீர். கூழைக்கடா வலைக் கம்பருகே நின்றால் அது குறையல்ல, செய்தி. எல்லாக் கம்பையும் வெட்டிவிட்டு ஆளே இல்லாத ஏரியாகக் காட்டும் படம், பார்க்க அழகாக இருக்கும், ஊரைப் பற்றிப் பொய் சொல்லும். ஃபிரேமில் ஆள் வந்தால் முதலில் அவரிடம் கேட்டுவிடுங்க, அவர் வேலை நேரம் அது.

கிளம்பும் முன் இரண்டு விஷயம். ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி பறவைகள் சரணாலயம். 1972ஆம் ஆண்டின் வனஉயிர் பாதுகாப்புச் சட்டம் இங்கே பொருந்தும், வனத்துறையிடம் கேட்காமல் ட்ரோன் விடவே கூடாது. அடுத்தது படகு. 2011 டிசம்பர் 25 அன்று இங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. "கொஞ்சம் கிட்டே விடுங்கண்ணே" என்று மீனவரிடம் பணம் நீட்டினால், மாட்டிக்கொள்ளப் போவது அவரும்தான். கரையிலிருந்தே 400 மில்லிமீட்டர் லென்ஸில் பறவை சின்னதாகத்தான் விழும். விழட்டும். சுற்றிலும் நீரும் கம்பும் வானமும் வரும்.